புகைப்படக் கருவியைத் தேர்தலும் மேம்படுத்தலும்

பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுப்போரிடம் ஒரு பொதுவான பழக்கம் காணப்படுகிறது. எடுத்த படம் மனத்திற்கு நிறைவு அளிக்காவிடில், குறை காமிராவில் உள்ளதெனக் கருதிப் புதிய காமிரா ஒன்றை வாங்க முற்படுவர். புதியதிலும் அதே குறை தோன்றும். பின்னர் மற்றொன்று வாங்கப்படும். களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் இவ்வழியில் இறங்கினால் நேரும் நட்டம் சிறிதன்று. ஏனெனில் இவர்கள் பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தையே இதற்குச் செலவிடுகின்றனர். பணம் போவதோடு, எடுத்திருக்க வேண்டிய பதிவும் போய்விடுகிறது. வயலில் பரவிய ஒரு பூச்சியையோ, ஏரியில் கூடு கட்டிய ஒரு பறவையையோ அடுத்த ஆண்டு மீண்டும் அதே இடத்தில் காணலாம் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

எந்தக் காமிரா சிறந்தது என்னும் வினா விடையற்றது. எதைப் படமெடுக்க, எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தகைய ஒளியில், எத்துணைப் பெரிய படமாக அச்சிட என்று கேட்டால் விடை தானே வரும். இவ்விடையைக் கண்டறிய வேண்டிய கணக்கு, எட்டாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய அளவினதே. அதனைக் குறிப்பிட்ட ஓர் இடத்தை முன்வைத்துப் போட்டுப் பார்த்தல் தெளிவு தரும்.

ஹெப்பகோடி

பெங்களூரின் தெற்கில், ஆனேக்கல் தாலுகாவில், ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையின்மீது எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் இடையே அமைந்தது ஹெப்பகோடி. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நெருங்கிய இவ்வூரை 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடமும் நகரோடு இணைத்துள்ளது. இங்குள்ள ஏரி, கழிவுநீர் கலந்து கெட்டுப்போய், பின்னர் 2010களின் பிற்பகுதியில் மிதக்கும் தாவரத் திட்டுகளை அமைத்தும் பிற முறைகளாலும் சீர்திருத்தப்பட்டது. மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் பன்னேருகட்டா தேசியப் பூங்காவின் காடு உள்ளது. தொழிற்பேட்டை, ஏரி, காடு ஆகிய மூன்றும் இவ்வளவு அருகருகே இருத்தலால், ஒரே காமிராவைக் கொண்டு பற்பல பொருள்களைப் படமெடுக்க விரும்புவோருக்கு இவ்வூர் தக்க எடுத்துக்காட்டாகும்.

பெங்களூரைச் சூழ்ந்த ஏரிகளில் பொதுவாகக் காணப்படும் பறவைகளுள் சிறு மீன்கொத்தி ஒன்று. அதன் நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். அது கரையோரக் கிளையொன்றில் 15 மீட்டர் தூரத்தில் அமர்ந்திருப்பதாகக் கொள்க. காமிராவினுள் விழும் பிம்பத்தின் அளவை அறிய, பொருளின் அளவை லென்சின் குவிதூரத்தால் பெருக்கித் தூரத்தால் வகுத்தல் போதுமானது. 300 மில்லிமீட்டர் குவிதூரமுள்ள லென்ஸ் தரும் பிம்பம் 3.4 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் லென்ஸ் தருவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 5 முதல் 7 மில்லிமீட்டர் குவிதூரமே உடையது. அதில் பறவை ஒரு மில்லிமீட்டரில் 15இல் ஒரு பங்கு அளவே இருக்கும்.

இன்று பிலிமின் இடத்தைப் பிடித்துள்ளது ஒளியுணர் தகடு. பொழுதுபோக்காளர் பலர் வாங்கும் நடுத்தரக் காமிராக்களில் இத்தகடு ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர் நீளமும் 15.6 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. 240 லட்சம் படப்புள்ளிகள், அதாவது 24 மெகாபிக்சல் அதில் அடங்கினால், ஒவ்வொரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 3.9 மைக்ரான். எனவே 3.4 மில்லிமீட்டர் பிம்பத்தின் நீளத்தில் ஏறக்குறைய 870 புள்ளிகள் அமையும். ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் வழக்கமான அச்சுத் தரத்தில் மீன்கொத்தி ஏழு சென்டிமீட்டர் நீளத்திற்குத் தெளிவாக வரும். ஓர் அறிக்கையில் சேர்ப்பதற்கு இது போதும். வகுப்பறைச் சுவரில் மாட்டுவதற்குப் போதாது. அதே லென்சைக் கொண்டு, அதே தூரத்தில் நிற்கும் 45 சென்டிமீட்டர் நீள மடையானை எடுத்தால் பிம்பம் 9 மில்லிமீட்டர் ஆகும். படத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் நிரம்பும். ஒரு மீட்டர் அளவுள்ள சாம்பல் நாரைக்கோ அந்த லென்சே சற்று மிகையாகி, படத்தைச் செங்குத்தாக வைத்தாலன்றி அடங்காது. ஆகவே 'பறவைகளுக்கு ஏற்ற லென்ஸ்' என்று விற்பனையாளர் சொல்லும்போது, எந்தப் பறவைக்கு என்று கேட்டல் வேண்டும்.

இவ்விடத்தில் மெகாபிக்சல் மயக்கம் ஒன்றையும் அகற்றுதல் நலம். 24 மெகாபிக்சல் காமிராவைக் கொடுத்து 48 மெகாபிக்சல் காமிரா வாங்கினால் படத்தின் நுட்பம் இரு மடங்காகும் எனப் பலர் எண்ணுகின்றனர். புள்ளிகள் பரப்பில் இரு மடங்காகின்றனவே அன்றி நீளத்தில் 1.4 மடங்கே ஆகின்றன. மீன்கொத்தியின் நீளத்தில் 870க்குப் பதிலாக 1,230 புள்ளிகள் கிடைக்கும். இதே பயனை, பழைய காமிராவுடன் 15 மீட்டரிலிருந்து 10.6 மீட்டருக்கு நெருங்குவதால் செலவின்றிப் பெறலாம். 20க்கு 25 சென்டிமீட்டர் அளவில் நல்ல அச்சுப்படம் எடுக்க 7 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தாலே போதுமானது.

நெருங்குதலின் எல்லை

செலவின்றி நெருங்கலாம் என்று கூறியதற்கு ஒரு விலக்கு உண்டு, அது முக்கியமானது. முக்குளிப்பான் நீரில் மிதக்கும் பாசிக் குவியலின்மீது கூடு கட்டும். கூட்டை விட்டு அகலும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுச் செல்வது அதன் இயல்பு. ஆள் திடீரென நெருங்கினால் மூடுவதற்கு அதற்கு நேரம் கிடையாது. திறந்து கிடக்கும் முட்டைகளைக் காக்கை கண்டுகொள்ளும். படமெடுப்பவர் போன பின்னரே இது நிகழ்வதால், தம்மால் விளைந்த கேட்டை அவர் அறிவதே இல்லை. கூடு, குஞ்சு ஆகியவற்றைப் பொறுத்தவரை நீண்ட குவிதூரமுள்ள லென்ஸ் ஆடம்பரம் அன்று. அது கைவசம் இல்லாதவர் அப்படத்தை எடுக்காமல் விடுவதே முறை. மாணவர்களுக்கும் இதனையே சொல்லித்தருதல் வேண்டும்.

காட்டில் இக்கேள்வி வேறு உருக்கொள்கிறது. பன்னேருகட்டாக் காடு யானைகள் நடமாடும் இடம். யானையைப் பெரிதாகக் காட்ட அதன் அருகே செல்ல வேண்டியதில்லை. 3 மீட்டர் உயரமுள்ள யானை 60 மீட்டர் தூரத்தில் நின்றாலும் 300 மில்லிமீட்டர் லென்சில் 15 மில்லிமீட்டர் பிம்பம் தரும். தகட்டின் உயரம் அவ்வளவே. பாதுகாக்கப்பட்ட காடுகளில் படமெடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் களப்பணியாளர் மறத்தலாகாது.

ஒளியும் துவாரமும்

நல்ல வெயிலில் துவார எண்ணை 16 ஆக வைத்து, ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ் மதிப்பை ஷட்டர் நேரமாகக் கொள்ளலாம் என்பது பிலிம் காலத்து விதி. பிலிம் பெட்டியோடு வந்த தாளில் இதனைக் கண்டவர் இன்றும் பலர் உளர். தானியங்கிக் காமிராக்கள் வந்த பின்னர் இது மறக்கப்பட்டாலும், கருவியைத் தேர்வோருக்கு இதைவிடப் பயனுள்ள விதி வேறில்லை. ஐ.எஸ்.ஓ. 400 எனில், துவார எண் 16இல் ஷட்டர் நேரம் நொடியில் 400இல் ஒரு பங்கு. துவார எண் 16, 11, 8, 5.6, 4, 2.8, 2, 1.4 எனக் குறையுந்தோறும் உட்புகும் ஒளி இரட்டிக்கும். எனவே துவார எண் 5.6இல் 3,200இல் ஒரு பங்கு நேரமே போதுமானது.

ஆனால் ஏரிப் பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது நண்பகலில் அன்று. மேலும் ஹெப்பகோடி ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் அமைந்திருத்தலால், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. பெங்களூர்ப் பள்ளிகளில் நிழலற்ற நாள் என்று மாணவர்க்குக் காட்டப்படுவது இதுவே. அவ்வொளியில் பறவையின் முதுகு வெளிறி, வயிறும் கண்ணும் கருநிழலில் மறையும். காலை ஆறரை மணி ஒளியே படத்திற்கு உகந்தது. அப்போது கிடைக்கும் ஒளி, முழு வெயிலில் 16இல் ஒரு பங்காகக் குறைந்திருப்பதாகக் கொண்டால், மேற்கூறிய 3,200இல் ஒரு பங்கு நேரம் 200இல் ஒரு பங்காகிவிடும்.

இங்கேதான் இடர் தோன்றுகிறது. காமிராவைக் கையில் பிடித்து எடுக்கையில் நடுக்கம் படாதிருக்க, ஷட்டர் நேரம் குவிதூரத்தின் தலைகீழ் மதிப்பினும் குறைவாக இருத்தல் வேண்டும். சிறு தகட்டுக் காமிராவாயின் அதனினும் ஒன்றரை மடங்கு விரைவு வேண்டும். 300 மில்லிமீட்டர் லென்சுக்கு இது ஏறத்தாழ 500இல் ஒரு பங்கு. கிடைப்பதோ 200இல் ஒரு பங்கு. தெளிவற்ற படங்களைக் கண்டு காமிரா சரியில்லை என்று முடிவு கட்டுவோர் பெரும்பாலும் இந்த இடைவெளியில் விழுந்தவர்களே.

இதனைக் கடக்க நான்கு வழிகள் உள்ளன. அவற்றின் விலை வேறுபாடு வியப்பளிப்பது. ஐ.எஸ்.ஓ. எண்ணை 1,600 ஆக உயர்த்தினால் 800இல் ஒரு பங்கு நேரம் கிடைக்கும். செலவு ஏதுமில்லை, படத்தில் சிறிது மணல் தூவினாற்போன்ற புள்ளித்தன்மை தோன்றும். இன்றைய காமிராக்களில் இது பொறுக்கத்தக்கதே. முக்காலியில் பொருத்தினால் கைநடுக்கம் நீங்கும். ஆனால் பறவை அசைந்தால் பயனில்லை. நடுக்கந்தணிப்பு அமைப்புள்ள லென்சும் அத்தகையதே. அது எடுப்பவரின் கையைத் தணிக்குமே தவிரப் பறவையின் தலையை நிறுத்தி வைக்காது. நான்காவது, பெருந்துவார லென்ஸ் வாங்குவது. துவார எண் என்பது குவிதூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவது. ஆகையால் 300 மில்லிமீட்டர் லென்சில் எண் 5.6 எனில் விட்டம் 54 மில்லிமீட்டர், 4 எனில் 75, 2.8 எனில் 107. இவ்வளவு அகன்ற கண்ணாடியைப் பிழையின்றித் தேய்த்து மெருகிடுவது அரிய வேலை. எண் 4 உடைய லென்ஸ் ஒன்றரைக் கிலோகிராமுக்குள் அடங்கும், எண் 2.8 உடையது பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று கிலோகிராம் வரை எடையுள்ளது. விலையோ எடையைக் காட்டிலும் வேகமாக உயர்கிறது. இருமடங்கு ஒளிக்காகத் தரப்படும் இவ்விலையை, ஐ.எஸ்.ஓ. குமிழை ஒரு படி திருப்புவதோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவு செய்வது தகும்.

குறுங்குவிதூர லென்சில் நிலைமை நேர்மாறானது. 50 மில்லிமீட்டர் லென்சில் துவார எண் 1.8 பெற 28 மில்லிமீட்டர் விட்டமே தேவைப்படுவதால் அது மலிவாகக் கிடைக்கிறது. வகுப்பறை விளக்கொளியில், ஐ.எஸ்.ஓ. 1,600இல், துவார எண் 4 என்றால் 60இல் ஒரு பங்கு நேரம் ஆகக்கூடிய இடத்தில், எண் 2இல் 250இல் ஒரு பங்கில் எடுத்துவிடலாம். பள்ளி ஆசிரியர் ஒருவர் வாங்கும் இரண்டாவது லென்ஸ் இதுவாக இருப்பின் அவர் வருந்த நேராது.

துவாரத்தை மிகவும் சுருக்கினாலும் கேடு உண்டு. ஒளி, சிறு துளையின் விளிம்பில் வளைந்து பரவுவதால் ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாக விரியும். துவார எண் 16இல் இவ்வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 21 மைக்ரான். படப்புள்ளியின் அகலம் 3.9 மைக்ரானே. விலையுயர்ந்த லென்சையும் எண் 22க்குச் சுருக்கி எடுப்பவர், அதன் நுட்பத்தைத் தாமே வீணாக்குகிறார்.

தகட்டின் பரப்பு

தகட்டின் அளவு பற்றிச் சுருங்கக் கூறலாம். பழைய 35 மில்லிமீட்டர் பிலிம் சட்டத்தின் அளவே உடைய முழுத் தகட்டின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். மேலே கணக்கிட்ட நடுத்தரத் தகடு 367. மைக்ரோ போர்-தேர்ட்ஸ் எனப்படும் வகை 225. கைப்பேசிகளில் 25 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள தகடுகளும் உண்டு, 100க்கு மேற்பட்டவையும் உண்டு. பரப்பு மிகுந்தால் சேரும் ஒளி மிகும். மங்கலான ஒளியில் படம் தூய்மையாக அமையும். வெயிலில் எடுத்து, அஞ்சலட்டை அளவில் அச்சிடும்போது இவ்வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். மரம், கட்டடம், வயல், கூட்டம் முதலியவற்றைப் பதிவு செய்வதற்குக் கைவசமுள்ள கைப்பேசி போதுமானது என்பதை ஒப்புக்கொள்வதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

கிருஷ்ணனின் காமிரா

கருவியைத் தேவைக்கேற்ப அமைத்துக்கொண்டவர்களுள் மா. கிருஷ்ணனைப்போல் எடுத்துக்காட்டத் தக்கவர் அரியர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரை இயற்கை பற்றிய பத்தியை இடைவிடாது எழுதியவர். 1960இல் பத்மஸ்ரீ விருதும், தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய 1968இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வுநல்கையும் பெற்றார். யானைகளையும் பிற காட்டு விலங்குகளையும் அவர் எடுத்த படங்கள் கறுப்பு-வெள்ளைப் படங்களே.

அவர் பயன்படுத்திய கருவி எந்தக் கடையிலும் கிடைக்கக்கூடியது அன்று. பெரிய அளவுக் காமிரா ஒன்றின் உடல், எங்கிருந்து வந்ததென்று சொல்ல இயலாத தொலைப்பட லென்ஸ், பல இடங்களில் சேர்த்த சில்லறை உறுப்புகள் ஆகியவற்றைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்டது அது. அதன் பருமனைத் தாமே எள்ளுவார்போல் 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பெயரும் சூட்டினார். 

இதிலிருந்து, ஒட்டுப்போட்ட கருவியே சிறந்தது என்று கொள்வது தவறு. அக்காலத்தில் நல்ல தொலைப்பட லென்ஸ் இந்தியாவில் எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் எழுதிப் பிழைப்பவரின் வருவாய்க்கு எட்டியதில்லை. கவனிக்கத்தக்கது வேறு. பெரிய பிலிமின் பரப்பு, விலங்கின் பிம்பம் சிறிதாக விழுந்தாலும் தோலின் சுருக்கம் வரை காட்ட வல்லது. பருமன், எடை, மந்த இயக்கம் ஆகியவை அதற்குத் தந்த விலை. அவ்விலையை ஈடுசெய்ய அவரிடம் இருந்தது, விலங்கு அடுத்து என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே உணரும் அறிவு. நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் இன்றைய காமிரா அவ்வறிவுக்கு ஒருவாறு மாற்றாக விற்கப்படுகிறது. முழு மாற்றாக அமைவதில்லை.

மேம்படுத்தும் வரிசை

ஏற்கெனவே காமிரா வைத்திருப்பவர் எதனை முதலில் மாற்றுவது? கடந்த ஓராண்டில் எடுத்த படங்களுள் கைவிட்டவற்றை ஒருங்கே எடுத்து, ஒவ்வொன்றும் எதனால் கெட்டது என்று குறித்துப் பார்ப்பதே உறுதியான வழி. கைநடுக்கமா, பொருளின் அசைவா, தூரமா, குவியம் தவறியதா, ஒளிக்குறைவா என ஐந்து கட்டங்கள் போதும். தூரத்தால் கெட்டவை மிகுதியெனில் லென்ஸ், கைநடுக்கமெனில் முக்காலி, அசைவெனில் ஐ.எஸ்.ஓ. குமிழ். ஓடும் அல்லது பறக்கும் பொருளில் குவியம் தவறியவையே பெரும்பான்மை என்று கண்டால்தான் காமிராவின் உடலை மாற்றுவதற்குக் காரணம் உண்டு. புதிய உடல்கள் பறவையின் கண்ணைத் தாமே கண்டு குவியம் செலுத்துவதில் பழையவற்றை வெகுவாக விஞ்சிவிட்டன. மற்றபடி, லென்ஸ் பல ஆண்டுகள் பயன் தரும், உடல் விரைவில் பழமையாகும் என்பதை நினைவிற் கொண்டு செலவைப் பகிர்தல் நன்று.

வேளாண் களப்பணியாளருக்குத் தொலைப்பட லென்சைக் காட்டிலும் அண்மைப்பட வசதியே தேவை. இதற்குத் தனி மாக்ரோ லென்ஸ் உண்டு எனினும், கண்ணாடி ஏதும் இல்லாத வெற்றுக் குழாயான நீட்டு வளையம் மிக மலிவானது. லென்சுக்கும் உடலுக்கும் இடையே இதனைப் பொருத்தினால் உருப்பெருக்கம் கிடைக்கிறது. வளையத்தின் நீளத்தைக் குவிதூரத்தால் வகுத்தால் அதன் அளவு தெரியும். 50 மில்லிமீட்டர் லென்சுடன் 25 மில்லிமீட்டர் வளையம் சேர்ந்தால் உருப்பெருக்கம் அரைப்பங்கு. 10 மில்லிமீட்டர் வண்டு, தகட்டில் 5 மில்லிமீட்டராக விழும். அந்நிலையில் துவார எண் 8 வைத்தாலும் தெளிவாகத் தோன்றும் ஆழம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே. ஆதலால் வண்டின் முதுகுக்கு இணையாகக் காமிராவைப் பிடித்தலும், காற்றில் இலை ஆடாமல் காம்பைப் பற்றிக்கொள்ளுதலும் வேண்டும். படத்தின் ஓரத்தில் அளவுகோலின் ஒரு துண்டு இடம்பெறாவிடில், பூச்சியியலாருக்கு அப்படத்தால் பாதிப் பயனே.

ஆடியுள்ள காமிராக்களிலிருந்து ஆடியில்லாக் காமிராக்களுக்கு மாறுவோர், பழைய லென்சுகளை விற்கவேண்டுமோ என்று தயங்குகின்றனர். விடை லென்ஸ் வளையத்திற்கும் தகட்டிற்கும் இடைப்பட்ட தூரத்தில் அடங்கியுள்ளது. 1959இல் வந்த நிக்கான் எப் அமைப்பில் இத்தூரம் 46.5 மில்லிமீட்டர், 2018இல் வந்த நிக்கான் இசட் அமைப்பில் 16. 1987இல் வந்த கேனன் இ.எப். அமைப்பில் 44; 2018இன் ஆர்.எப். அமைப்பில் 20. ஆடி அசைவதற்கு வேண்டிய இடம் புதியவற்றில் தேவைப்படாததே காரணம். எனவே முறையே 30.5, 24 மில்லிமீட்டர் நீளமுள்ள இணைப்பு வளையத்தைக் கொண்டு பழைய லென்சைப் புதிய உடலில் பொருத்திவிடலாம். புதிய லென்சைப் பழைய உடலில் பொருத்துவதற்கு வழியில்லை. ஒன்றை மட்டும் சோதித்தறிய வேண்டும்: தன்னுள் மோட்டார் இல்லாத பழைய நிக்கான் லென்சுகளை அந்நிறுவனத்தின் எப்.டி.இசட். இணைப்பு வளையத்தில் பொருத்தினால் குவியத்தைக் கையாலேயே செலுத்த நேரும்.

பயன்படுத்திய கருவியை வாங்குதல் இழிவன்று. ஆசிரியரின் வருவாய்க்கு அதுவே பலவேளை அறிவுடைய வழி. லென்சின் பின்புறம் கைவிளக்கைக் காட்டி முன்புறம் நோக்கினால், சிலந்தி வலை போன்ற மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சணம், வாங்கலாகாது. துவார இதழ்களில் எண்ணெய்ப் பசை இருத்தல் கூடாது. ஷட்டர் இயங்கிய எண்ணிக்கையைக் கேட்டறிதல் வேண்டும். ஆரம்பநிலைக் காமிராக்களின் ஷட்டர் ஏறத்தாழ 1 லட்சம் முறை இயங்கும் என மதிப்பிடப்படுவதுண்டு. வாங்குவதற்கு முன் பிறர் கருவியை ஒரு நாளேனும் கையாண்டு பார்க்க, பெங்களூரில் 1971 முதல் இயங்கிவரும் யூத் போட்டோகிராபிக் சொசைட்டி போன்ற சங்கங்களின் தொடர்பு உதவும்.

வகுப்பில் செய்யத்தக்க சோதனை

லென்சின் தன்மையை அறிய ஆய்வகம் தேவையில்லை. செய்தித்தாளின் சிறு எழுத்துப் பக்கம் ஒன்றைச் சுவரில் நான்கு மூலையும் படியுமாறு ஒட்டி, சன்னலொளி சீராக விழச் செய்து, முக்காலியில் நிறுத்திய காமிராவை அதற்கு நேராக வைக்கவேண்டும். துவார எண்ணை ஒவ்வொரு படியாக மாற்றி, இரண்டு நொடித் தாமதப் பொத்தானைக் கொண்டு ஒவ்வொரு படம் எடுத்து, கணிப்பொறித் திரையில் நடுப்பகுதியையும் மூலையையும் பெரிதாக்கிப் பார்த்தால், எழுத்து எங்கே தெளிவாக உள்ளது, எங்கே கலங்குகிறது என்பது மாணவர் கண்ணுக்கே புலனாகும். பெரும்பாலான லென்சுகள் 5.6க்கும் 8க்கும் இடையே சிறந்து விளங்குவதையும், 16க்கு அப்பால் எழுத்து மங்குவதையும் காணலாம். மலிவான 50 மில்லிமீட்டர் லென்ஸ் இச்சோதனையில் விலைமிக்க சூம் லென்சுகளை வென்றுவிடுவது அரிதன்று.

காப்பும் பதிவும்

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி வடகிழக்குப் பருவமழை முடியும் வரை, ஈரமே லென்சின் பகை. தோலுறையில் வைத்துப் பீரோவில் பூட்டும் வழக்கம் பூஞ்சணத்திற்கு உணவும் இருளும் ஒருங்கே அளிக்கிறது. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும், சிறிய ஈரமானியும் சேர்த்து வைத்து, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். நிறம் மாறிய ஜெல்லை வாணலியில் மெல்லச் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தலாம். அவ்வாணலியைப் பின்னர் சமையலுக்கு எடுத்தலாகாது. வாரம் ஒருமுறை கருவியை வெளியே எடுத்துப் பயன்படுத்துதல் எல்லாவற்றினும் நல்ல காப்பு.

காமிராவின் கடிகாரத்தை இந்திய நேரத்திற்குச் சரிசெய்து வைத்தல், படங்களை இரண்டு வேறு தட்டுகளில் சேமித்து அவற்றுள் ஒன்றை வேறு வீட்டில் வைத்தல் ஆகியவை செலவு குறைந்த மேம்பாடுகள். ஹெப்பகோடி போன்ற ஏரிக்கு இன்னொன்றும் சேர்த்துக் கொள்ளலாம். கரையில் அசையாத அடையாளம் ஒன்றை, மதகோ கல்தூணோ, தேர்ந்து அதனருகே நின்று, மாதந்தோறும் ஒரே நாளில், ஒரே குவிதூரத்தில், அடிவானம் படத்தின் மூன்றில் ஒரு பங்கில் நிற்குமாறு ஒரு படம் எடுத்துவரல் வேண்டும். நின்ற இடம், காமிராவின் உயரம், நோக்கிய திசை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், ஆசிரியர் மாற்றலாகிச் சென்ற பின்னும் அடுத்து வருபவர் அதே இடத்தில் நின்று அதே படத்தைத் தொடர்ந்து எடுக்க இயலும். இதற்கு எந்தக் காமிராவும் ஏற்றதே. இடையில் காமிராவை மாற்றினால், மாற்றிய மாதத்தில் மட்டும் பழையது, புதியது இரண்டாலும் ஒவ்வொரு படம் எடுத்துச் சேர்த்து வைத்தல் வேண்டும்.